கல்லின்மேல் ஓர் இடதுகால் பூட்ஸ்

ட்ராய்கில்,
லூயிஸ் தீவு.
செப்டம்பர் 14, திங்கள்

அன்பு மகள் இஷ்பெலுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் நாயும் பதினோரு ஆடுகளும் ஆண்டவர் கிருபையால் சுகம், பன்னிரண்டாவது ஆடு பக்கத்து வேலிக்குள் நம்மைவிடச் சுகம். அங்கே டாஸ்மேனியாவில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் சிரித்து மழுப்பிவிடுவேன், அதனால்தான். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்கியதுதான் என் படிப்பு, ஆனால் நம் தீவில் மழைக்குப் பஞ்சமில்லையே, அதனால் எழுதுகிற அளவுக்கு ஏறிவிட்டது. பிழை இருந்தால் மழையைத் திட்டு.

விஷயம் அந்த வீடியோதான். கிளாஸ்கோ பையன் ஃபின்லே, இடிந்த வீடு, பழைய ஆலை, பேர் தெரியாத கல் என்று ஊர் ஊராகப் போய் போட்டோவும் வீடியோவும் எடுத்துப் போடுகிறவன், ஜூன் மாதம் என் டீ வண்டிக்கு வந்தான். மூன்று ஸ்கோன் ரொட்டி தின்றுவிட்டு, இடுகாட்டுப் பாதையில் கிடக்கிற தட்டைக் கல்லைக் காட்டி அது என்ன என்று கேட்டான். நானும் முகத்தைத் தேவாலயத்து முகமாக வைத்துக்கொண்டு, "தூரதேசம் போறவங்க இடதுகால் பூட்ஸைக் கழட்டி அதுமேல வச்சுட்டுப் போனா கட்டாயம் திரும்பி வந்துருவாங்க தம்பி, ஆயிரம் வருஷத்து வழக்கம்" என்றேன். பாவம், கேமராவைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். இரண்டாம் தடவை இன்னும் நன்றாகப் புளுகினேன். அதை நீ பார்த்துவிட்டு, அம்மா உன் வாய்க்குப் பூட்டே கிடையாதா என்று எழுதி ஏழு சிரிப்பு மூஞ்சி அனுப்பினாய். அந்த ஏழு மூஞ்சியை எண்ணினபோதுதான் உனக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

அதற்குள் இங்கே கூத்து ஆரம்பித்துவிட்டது. வீடியோ பார்த்தவர்களெல்லாம் வந்து கல்லின்மேல் ஷூ வைக்கிறார்கள். ஓட்டக்காரர் ஷூ, குழந்தை ஷூ, ஒரு நாள் சாண் உயரக் குதிகால் வைத்த செருப்பு, அதை வைத்தவள் எப்படித்தான் கார்வரை நடந்தாளோ. மர்டோ அண்ணனின் கடா வந்து நாடாக்களை மென்றுவிட்டுப் போகிறது. உனக்கு மர்டோ அண்ணனைத் தெரியுமே, யார் வந்தாலும் டீ போடக் கெட்டிலை அடுப்பில் வைப்பதால் கெட்டில் என்று நாம் பேர் வைத்தோமே, அவரேதான். என்னைப் பார்த்தால், "ஏம்மா டோலினா, இன்னைக்கு நாப்பது ஷூ. கடை எப்போ திறக்கப்போற?" என்பார். நானும் வலதுகால் சரக்கு வந்ததும் திறக்கிறேன் என்பேன். அப்படியே சிரித்துக்கொண்டிருந்தோம், போன திங்கட்கிழமைவரை. அன்று அவர் மனைவி அன்னக் இறந்துபோனாள். காலையில் கோழிக்குத் தீனி போட்டாள், மதியம் இல்லை. அவளை வியாழக்கிழமை அதே பாதையில் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது. அந்தக் கல்லின்மேல் ஊர்பேர் தெரியாதவர்களின் அழுக்கு ஷூ. எல்லாம் என் வாயால் வந்த வினை. எப்படி அவர் முகத்தில் விழிப்பேன்.

இப்போது உனக்குச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். அது பெண்கள் நின்ற கல். ஆண்கள் சவப்பெட்டியை மாற்றி மாற்றித் தோள்கொடுத்துக் கடற்கரை இடுகாட்டுக்குக் கொண்டுபோவார்கள், பெண்கள் அந்தக் கல்வரைக்கும்தான், அங்கே நின்று பெட்டி மேட்டைத் தாண்டுகிறவரை பார்த்துவிட்டு வீடு திரும்பிவிட வேண்டும். உன் அப்பா போனபோது எனக்கு இருபத்தொன்பது வயது, உனக்கு ஐந்து. என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் நின்னுட்டோம், அப்பா எப்போ இந்தப் பக்கம் வருவார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். எனக்கு வாய் வரவில்லை, எனக்கே வாய் வரவில்லை, யோசித்துப் பார். நீயே குனிந்து உன் சிவப்பு ரப்பர் பூட்ஸில் இடதுகாலுடையதைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்தாய், "நாம இங்கதான் நின்னோம்னு அப்பாவுக்குத் தெரியணும்ல" என்றாய். ஒரு காலில் வெறும் காலுறையோடு உன்னை இடுப்பில் தூக்கி வந்தேன். பக்கத்தில் வந்த அன்னக்தான் வழியெல்லாம் அந்தக் காலைத் தன் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வந்தாள். மறுநாள் விடிந்ததும் போய் எடுத்தேன், உள்ளே முட்ட முட்ட மழைத்தண்ணீர். அந்தப் பையன் என்ன கல் என்று கேட்டபோது நிஜம் தொண்டைவரை வந்தது, வாய் அதைப் புளுகாக்கி வெளியே விட்டது.

செவ்வாய்க்கிழமை நானே கோணியெடுத்துப் போய் எல்லா ஷூவையும் அள்ளி வந்துவிட்டேன். ஃபின்லேவுக்குப் போன் போட்டு, தம்பி நான் சொன்னது பச்சைப் பொய், வந்து நிஜத்தை எடுத்துக்கொண்டு போ என்றேன். நல்ல பிள்ளை, மறுநாளே கப்பல் ஏறி வந்துவிட்டான். ஊர் வரலாற்றுச் சங்கத்தில் இருந்த பழைய போட்டோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கல்லருகே கறுப்புச் சால்வையோடு முதுகு காட்டி நிற்கிற பெண்களை ஒவ்வொருவராகக் காட்டிப் பேர் சொன்னேன். சிரிக்காமல் பேசினேன் என்றால் நம்பமாட்டாய், அவன் போடுகிற புது வீடியோவில் பார். உன் பூட்ஸைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது உன்னுடையது.

வியாழக்கிழமை வேதாகமச் சங்கீதம் பாடி முடித்து அன்னக்கைத் தூக்கினார்கள். இப்போதெல்லாம் சின்னப் பெண்கள் கூடவே போகிறார்கள், என் வயதுக்காரிகளுக்குத்தான் கால் பழகவில்லை. கல் வந்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது. மர்டோ அண்ணன் திரும்பிப் பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, குரல் மட்டும் அதே கெட்டில் குரல். "ஊருக்கெல்லாம் வாய் காட்டுற, கால் மட்டும் வராதா? கயிறு பிடிக்க ஒரு ஆள் குறையுது, வா" என்றார். போனேன் மகளே. பெட்டியை இறக்கும் கயிறு ஒன்றை என் கையில் கொடுத்தார். அன்னக் கனமே இல்லை. உன் அப்பா நல்ல கனம், அவருக்கு யார் எந்தக் கயிற்றைப் பிடித்தார்கள் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது, திரும்பி வரும்போது மர்டோ அண்ணன் ஒவ்வொன்றாகச் சொன்னார். தலைமாட்டுக் கயிறு அவருடையதாம்.

குளிர் விட்டதென்று காலுறை போடாமல் திரியாதே, நீ என் மகள், திரிவாய். மாப்பிள்ளைக்கு உப்பு மீன் அனுப்பியிருக்கிறேன், ஊறவைக்காமல் தின்று என்னைத் திட்டவேண்டாம் என்று சொல். ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அந்தச் சிவப்பு பூட்ஸ் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. தபாலில் அனுப்பட்டுமா, நீயே வந்து எடுத்துக்கொள்கிறாயா, யோசித்து எழுது. வைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவேண்டும் மகளே, ஆயிரம் வருஷத்து வழக்கம்.

இப்படிக்கு,
கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு எழுதிய
உன் அம்மா டோலினா