தாளம் முடியும் வரை எடுக்காத கை

உடுமலைப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் மகன் அருண்குமாருக்கு அம்மா எழுதுவது. நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

நம் வீட்டுப் பிள்ளைகளின் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் மகள் வர்ஷினி கல்யாணம் முடிந்த கையோடு கோயமுத்தூர்க் கம்பெனியில் பெரிய பதவிக்குப் போய்விட்டாள். அவளுக்குக் கீழே இப்போது ஆட்கள் வேலை செய்கிறார்களாம். அவள் தம்பி வம்சி மாவட்ட ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்திருக்கிறான். நம் வீட்டில் டிவி இருந்த இடம் காலியாகத்தானே கிடக்கிறது என்று கோப்பையை அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். உன் மகள் கனிஷ்கா அக்காவின் கல்யாண வரவேற்பில், கண்ணைப் பறிக்கிற விளக்குக்கு நடுவில் நின்று, ஒரு பாட்டை முழுசாகப் பாடி முடித்தாள். விழவில்லை.

மூன்றில் எது பெரிசு என்று என்னைக் கேட்டால் கடைசியில் சொன்னதைத்தான் சொல்வேன். ஆனால் அதற்கு மட்டும் திட்டுதான் கிடைத்தது. நீயும் சேர்ந்துதான் திட்டினாய்.

போனில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் மீட்டிங் என்கிறாய். காகிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

மினுக்கு மினுக்கென்று வெட்டுகிற வெளிச்சம் அவளுக்கு ஆகாது, பார்த்தால் வலிப்பு வந்துவிடும் என்று உனக்குத் தெரியும். தெரிவதும் கூட இருந்து படுவதும் ஒன்றா? அவிந்து அவிந்து எரிகிற டியூப்லைட் ஆகாது. கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறினால் பொள்ளாச்சி தாண்டுகிற வரை ரோட்டோரம் தென்னந்தோப்பு. மரத்துக்கு மரம் வெயில் வெட்டி வெட்டி விழும். அதுவும் ஆகாது. மாத்திரையோடு டாக்டர் ஒரு வழி சொன்னார். வெளிச்சம் வெட்ட ஆரம்பித்ததும் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுசாகப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சொல்வது சுலபம். சின்னப் பிள்ளைக்குப் பயம். போய்விட்டதா, போய்விட்டதா என்று கையை எடுத்து எடுத்துப் பார்ப்பாள். அப்படிப் பார்த்துத்தான் போன வருசம் பஸ்ஸுக்குள்ளேயே விழுந்தாள். வெட்டி வெட்டி இழுத்த அந்தக் கையையும் காலையும் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

இதற்குத்தான் பாட்டு கிளாஸ். கோவிந்தராஜுலு சாரிடம் டாக்டரே அனுப்பிவைத்தார். இதே தொந்தரவு உள்ள பிள்ளைகள்தான் அங்கே வருகிறார்கள். சார் லைட்டே போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்துக் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறார். பாட்டு வலிப்பைத் தீர்க்கும் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று நானே ஆசையில் கேட்டேன். “அப்படிச் செய்யறதா இருந்தா நாளையில இருந்து இங்க வராதீங்கம்மா” என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார்.

அவர் செய்தது வேறு. வலது கையால் தொடையில் தாளம் போடு, இடது கையால் கண்ணைப் பொத்து, தாளம் ஒரு சுற்று முடியும் வரை அந்தக் கையை எடுக்காதே, வெளிச்சம் இன்னும் வெட்டினால் அடுத்த சுற்றை ஆரம்பி என்றார். ஒரு கைக்கு வேலை கொடுத்ததும் இன்னொரு கை கண்ணை விட்டு எழுந்து எழுந்து பார்ப்பதை விட்டுவிட்டது கண்ணு. தோப்பு வந்தால் வாய்க்குள் பாடிக்கொண்டே வருவாள். கண்டக்டர்கூட, “என்ன அம்மணி, இன்னைக்குக் கச்சேரி உண்டுங்களா?” என்று கேட்பான்.

இனி வரவேற்பு. அவள் பாடும்போது மேடையில் அந்த வெட்டு விளக்கைப் போடமாட்டோம் என்று உன் அண்ணன் தனபால் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தான். பாதிப் பாட்டில் லைட்காரப் பையன், பிள்ளை நன்றாகப் பாடுகிறாளே என்ற குஷியில், வெட்டு விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டான். நான் எழுந்து கத்தினேன். அந்த ஸ்பீக்கர் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? உன் பெண்டாட்டி கயல்விழி லைட்காரனிடம் ஓடினாள். அதற்குள் உன் மகள் இடது கையால் கண்ணைப் பொத்தி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, வலது கையால் தாளம் தட்டிக்கொண்டே பாடினாள். ஓர் அடி தவறவில்லை. கயல்விழி போய் விளக்கை அணைக்கவும் பாட்டு முடியவும் சரியாக இருந்தது.

இறங்கி வந்த பிள்ளையை யாராவது தட்டிக்கொடுத்தார்களா? தனபால் சொல்கிறான், “ஏனுங்கம்மா, ஒத்தைக் கண்ணைப் பொத்திட்டு நிக்குது, வீடியோவே கெட்டுப்போச்சுங்க” என்று. உன் பெரியத்தை வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு, “புள்ளைக்குக் கண்ணுல ஏதாச்சுங்களா, எங்ககிட்டச் சொல்லாம மறைச்சுப் போட்டீங்க?” என்றாள். “புள்ளைக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்க, உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியலைங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நீ கூப்பிட்டாய். “எதுக்குங்கம்மா அவளை மேடை ஏத்தி ஊரே சிரிக்க வெச்சீங்க? இனிக் கிளாசும் வேண்டாம், பாட்டும் வேண்டாம்” என்றாய். போன் ஸ்பீக்கரில் கிடந்தது. நான் அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். என் கைக்குள் அவள் தலை அப்படியே தாழ்ந்தது.

அன்றோடு பாட்டை நிறுத்திவிட்டாள். பாட்டு போனால் போகட்டும் என்று நீ நினைப்பாய். நேற்று டாக்டரைப் பார்க்கப் போனோம். தோப்பு வந்தது. கையை மடியிலேயே வைத்திருந்தாள். நான்தான் முந்தானையை அவள் முகத்தில் போட்டு என் நெஞ்சோடு அமுக்கிக்கொண்டேன். ஏன் சாமி கண்ணைப் பொத்தலை என்று கேட்டால், “அப்பாவுக்கு அது புடிக்கலீங்க ஆத்தா” என்கிறாள். நீ எதை வேண்டாம் என்று சொன்னாய் என்று இப்போதாவது தெரிகிறதா? என்னை ஐந்தாவதோடு நிறுத்திப் பருத்தி எடுக்க அனுப்பிவிட்டார்கள். நீ கரண்டுப் படிப்பே படித்தவன். வெளிச்சம் செய்ததற்குப் பிள்ளையைத் திட்டுகிறாயே!

கயல்விழி உன் பேச்சை மீறமாட்டாமல் பாட்டுப் பையைத் தூக்கிப் பரண் மேல் போட்டுவிட்டாள். கேட்டால் அழுகிறாள். நான் கூட்டிப்போகத் தயார்தான், பிள்ளை வரவேண்டுமே. நான் ஆயிரம் சொன்னாலும் அவளுக்கு அது அப்பா சொன்னதாகாது.

மாசாணியாத்தா உன்னை அங்கே ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. போனில் உன் முகம் விட்டு விட்டு வருகிறது, அதைப் பார்க்கவிடாதீர்கள் என்று டாக்டர் சொன்னபிறகு, நீ பிளேன் ஏறிய அன்று எடுத்த போட்டோவைத்தான் அவள் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். ஓரமெல்லாம் கிழிந்துவிட்டது. புதுசாக ஒன்று எடுத்துக் காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பு. முடி கொட்டிவிட்டது என்று கூச்சப்படாதே, அதையெல்லாம் அவள் பார்க்கமாட்டாள். நல்ல வெயிலில் நின்று எடு. இடது உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எடு. போட்டோக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும்.

உன் அம்மா,
காளியாத்தாள்