‘இல்லை’யில் வைத்த புள்ளி

14.6.99, திங்கள்
எங்கள் திருமணத் தகவல் மையம் இன்று இன்டர்நெட்டில் ஏறிவிட்டது. காரைக்குடிப் பெண்ணை இனி அமெரிக்காவிலிருந்தும் பார்க்கலாம். விண்ணப்பப் படிவம் நான் செய்தது. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவீர்களா? ஆம், இல்லை — இரண்டு வட்டம்.
"‘இல்லை’ல முன்னாடியே புள்ளி வச்சிரும்மா ஆன் மேரி. வேணுங்கிறவுக மாத்திக்கிறட்டும்" என்றார் முதலாளி மாயக்கண்ணன்.
வைத்தேன்.

5.8.99
நாற்பத்தொரு பெண்கள் பதிந்திருக்கிறார்கள். முப்பத்தெட்டுப் பேர் வேலைக்குப் போகமாட்டார்களாம். அதில் ஒருத்தி டாக்டர்.
"நம்ம பக்கத்துப் பொண்ணுக மனசு எனக்குத் தெரியும்" என்கிறார் முதலாளி.

9.8.99
பள்ளத்தூர் டீச்சர் யோகலட்சுமி வந்தாள். ஜூன் கடைசியில் இங்கே பதிந்தவள். மாப்பிள்ளை அமைந்து பூ வைத்தாயிற்று. இப்போது வேலையை ராஜினாமா செய்யச் சொல்கிறார்களாம்.
"நீதானே எழுதிக் குடுத்தேன்னு தாளக் காட்டுறாக. நான் எப்பக்கா எழுதுனேன்?"
தாளைப் பார்த்தேன்; எங்கள் படிவத்தின் பிரிண்ட். வேலை: இல்லை.
அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான். "இதுல எதுவும் மாத்தணுமாக்கா?" என்று கேட்டாள். இன்டர்நெட் வரும் போன் லைன் கட்டாகிவிடுமே என்ற அவசரத்தில், "இருக்கட்டும், கீழ போங்க" என்றேன்.
இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். டீயா குடுப்ப, ஆன் மேரி? சீ.

11.8.99
அரை நாள் லீவு. குன்றக்குடியில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மாவிடம், "அந்தப் புள்ளி நான் வச்சது, அவுக வைக்கலை" என்றேன்.
"அப்ப மத்ததெல்லாம் யாரு வச்சது?"
நியாயமான கேள்வி. மாப்பிள்ளை அருள்பாண்டி எழுந்து உள்ளே போய்விட்டார்.

16.8.99
சம்பந்தம் நின்றுவிட்டது; தாளில் எதையும் நம்ப முடியாது என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்களாம், புள்ளி வைத்தது நான் என்பதையும் சேர்த்து. யோகலட்சுமி போன் செய்தாள்.
"எழுதி வச்ச ராஜினாமாவக் கிழிச்சுட்டேங்க்கா." பிறகு, "பதிஞ்ச அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா ஆசைப்பட்டிருக்க மாட்டேன்."
 

17.8.99
இரண்டு வட்டத்தையும் காலியாக விட்டுவிட்டேன். ஏதாவது ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் வராது. முதலாளியிடம் சொல்லவில்லை.

27.9.99, திங்கள்
புதிதாக இருபது பெண்கள். பதினான்கு பேர் ‘ஆம்’.
"ஒண்ணரை மாசத்துல பொண்ணுக எப்படி மாறிருச்சுக பாரு!" — முதலாளி.
மதியம் வீரையா என்று ஒருவர், மகளுக்காகப் பதிய வந்தார். பெயர், நட்சத்திரம், உயரம் எல்லாம் மடமடவென்று சொன்னார். அந்தக் கேள்வி வந்ததும் நிறுத்திக்கொண்டார்.
"நீயே ஒண்ணப் போட்டு விடும்மா."
"அது உங்க மக சொல்லணும்ங்கய்யா."
திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். லைன் கட்டாகிவிட்டது.
"இதெல்லாம் அவகிட்டக் கேட்டதே இல்லை" என்று எழுந்தார். "எத்தனை மணி வரைக்கும் இருப்பீக?"
ஆறு வரை என்றேன். ஐந்தேகாலுக்கு மகளோடு வந்தார்.