மெலனியின் பக்கம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

நித்திரை வரவில்லை. நான் வேலை செய்யும் கராஜில் இன்று ஒரு பழைய கனடா இராணுவ லொறியின் பிரேக்கைச் சோதித்தோம். இரண்டாம் உலக யுத்தத்தில் இங்கே சிசிலியில் வந்து இறங்கிய வண்டி. செய்தது கனடாவில், அமைப்பு பிரித்தானியப் படையுடையது. அதனால் ஸ்டியரிங் வலப்பக்கம். தெரிந்திருந்தும் இங்குள்ள வண்டிகளின் பழக்கத்தில் இடப்பக்கம் ஏறிவிட்டேன்.

"என்ன தம்பி, டிரைவர் வருவாரெண்டு பாத்துக்கொண்டு இருக்கிறியோ?" என்று கூட வேலை செய்யும் அன்ரன் அண்ணை சிரித்தார்.

இறங்கிச் சுற்றி வந்தேன். வலப்பக்கம் ஏறக் கால் வரவில்லை. எங்கள் காரில் என் மனைவி மெலனி இருந்து வரும் பக்கம் அது. அவள் இறந்த பிறகு நான் எதையும் ஓட்டவில்லை.

அண்ணையின் குரல் இறங்கியது. "ஏலாட்டி விடு. நான் ஓடுறன்."

"பிரேக் பூட்டினது நான். பிடிக்காட்டி நான்தான் உள்ளுக்கை இருக்கோணும்."

துறைமுகம் வரை ஓட்டினேன். சிக்னலில் மிதித்தேன். பிடித்தது.

பின்னேரம் வீட்டடியில் நிற்கும் எங்கள் காரின் வலக்கதவைத் திறந்து ஏறினேன். அவள் முன்னுக்கு இழுத்து வைத்தபடியே சீற் இருந்தது. முழங்கால் இடித்தது. பின்னுக்குத் தள்ளக் கை போனது. தள்ளவில்லை. அப்படியே இருட்டும்வரை இருந்தேன்.