உள்ளே இருந்த சின்னக் கட்டம்

9.6.2003 திங்கள்
காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. வீட்டுக்காரர் போய் இன்று இருபத்தேழு நாள்.

நாற்பத்தொன்றாம் நாள் சடங்குக்குள் சுவரில் நல்ல படம் மாட்ட வேண்டும். இப்போது இருப்பது லைசென்ஸ் படத்தைப் பெரிதாக்கியது. நாத்தனார் பார்த்துவிட்டு, "மதினி, அண்ணனைப் போலீஸ் புடிச்சிட்டுப் போன மாதிரில்லா இருக்கு" என்றாள். சிரித்தோம். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

ஊரெல்லாம் கல்யாணப் படம் எடுத்தவர். அவரை எடுத்தது நான் ஒருத்திதான். விஷுவுக்கு முந்தி, கல்லாற்றில், ஒரே ஒரு படம். கோவளத்தில் ஒரு வெள்ளைக்காரரிடம் பழசாக வாங்கிய கேமரா. பிலிம் இன்னும் அதற்குள்ளே. 36இல் 31 காட்டுகிறது.

10.6 செவ்வாய்
மழை விட்டு விட்டு. பீரோவில் அவர் சட்டைக்கு அடியிலிருந்து கேமராவை எடுத்தேன்.

லென்சில் ஒரு வளையம். 28, 35, 50. திருப்பினால் எதுவும் பக்கத்தில் வராது. உள்ளே தெரிகிற வெள்ளைக் கோட்டுக் கட்டம் மட்டும் மாறும். கட்டத்துக்குள் இருப்பதுதான் படத்தில் விழும். அன்று நான் திருப்பித் திருப்பிப் பார்த்ததற்கு, "நீ எவ்ளோ திருகுனாலும் நான் இங்கனதான் நிப்பேன், கட்டந்தான் மாறும்" என்றார். ஆறும் விழட்டும் என்று, அகலமாக எடுக்கிற 28இல் வைத்துத் தந்தார்.

இன்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தேன். 28இல் இரண்டு கட்டம். ஓரத்தோடு ஓரமாகப் பெரியது ஒன்று. நடுவில் சின்னது.

அன்று கண்ணாடி போட்டிருந்தேன், கண் ஒட்டவில்லை. சின்னது மட்டுந்தான் தெரிந்தது. அதற்குள் தலையும் செருப்பும் அடங்க வேண்டுமே என்று பின்னால் பின்னால் போனேன்.

எதற்கு இரண்டு?

11.6 புதன்
மீதி ஐந்தையும் எடுத்து முடித்தேன். பீரோ. அவர் செருப்பு. முற்றத்து மழை. நாத்தனார் (தலை சீவவில்லை என்று திட்டினாள்). கடைசியாக அந்த லைசென்ஸ் படம்.

அவரோடு வேலை பார்த்த பாபுவின் ஸ்டூடியோவில் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை வரச் சொன்னான்.

12.6
அரிசி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி. வேறொன்றுமில்லை.

13.6 வெள்ளி
பாபு படத்தைத் தராமல் முதலில் சாயா வாங்கித் தந்தான். அப்போதே தெரிந்துவிட்டது.

ஆறு இருக்கிறது. பாறை, குளிக்கிற பிள்ளைகள், ஐஸ் வண்டி. நடுவில் இவர். பாதிச் சுண்டுவிரல் நீளம். முகம் மிளகளவு.

"சேச்சி, 28க்கு, வெளிய உள்ள பெரிய கட்டமாக்கும். உள்ள இருக்கது வேற லென்சுக்கு. சேட்டன் சொல்லலியா?"

சொன்னாரோ என்னவோ. ஆற்றுச் சத்தம்.

முகத்தை மட்டும் பெரிதாக்கித் தா என்றேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "பொடிப்பொடியாட்டு வருது சேச்சி. ஆளு கிட்டல." காட்டினான். கண் எது, மூக்கு எது, தெரியவில்லை. "கொஞ்சம் முன்னால போயிருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

லைசென்ஸ் படமே இருக்கட்டும்.

வீட்டில் அவருடைய பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒரு கை மேலே இருக்கிறது. டாட்டா காட்டுகிறார் என்றுதான் அன்று நினைத்தேன். இல்லை. கை முழங்கையில் மடங்கி நெஞ்சுப் பக்கம் வருகிறது. பக்கத்தில் வா என்கிறார்.

நான் இன்னும் இரண்டடி பின்னால் போனேன். கையும் கட்டத்துக்குள் அடங்கட்டும் என்று.