பூங்காவில் சொன்னது

ஜூன் 19, 1982. ஹூஸ்டன்.

இன்று கறுப்பின மக்களின் விடுதலை நாள் விழா. எங்கள் வார்டு நர்ஸ் குளோரியா கூப்பிட்டிருந்தாள். சென்னைத் தோழி வசந்தாவின் காரில் பூங்காவுக்குப் போனோம். வாத்தியச் சத்தத்துக்கு நடுவே, சின்ன வயதில் தங்களுக்குத் தனிக் குழாயில்தான் தண்ணீர் என்றாள் குளோரியா. எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்கும் தனி கிளாஸ்தான் என்று சொல்லிவிட்டேன். இந்த நாட்டில் யாரிடமும் சொன்னதில்லை. குளோரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வசந்தா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது ஃப்ரீவே முழுக்க வசந்தா ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றிக்கொண்டே வந்தாள். என் வீட்டு வாசலில் இறங்கி, "உள்ள வா, காபி போடறேன்" என்றேன்.

"இல்லைங்க, தலை வலிக்குது. நான் கிளம்பறேன்."

மூன்று வருடமாக என்னை வாடி, போடி என்று கூப்பிட்டவள். இன்றைக்குத்தான் 'ங்க' போட்டாள்.