பாகுத் தொட்டியில் பனி

மேல் சரிவு, போஸ்
மார்ச் 28, 1974

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் ஒதெத் எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். நீயும், குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற தம்பி பாஸ்கலும் எப்படி இருக்கிறீர்கள்? இப்போது குழாய் இல்லாமலே பால் குடிக்கிறான் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை அப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டே கேட்டார். இரண்டாம் தடவை அரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று கேட்டிருக்கிறாய். நானும் கேட்டேன். "மரம் சாறு விடுற நேரம்டி. இப்ப விட்டுட்டுப் போனா இந்த வருஷமே போச்சு" என்கிறார். அது பொய்யில்லை. இரவில் உறைந்து பகலில் இளகும் இந்த வாரங்களில்தான் மேப்பிள் சாறு வரும். மரத்தில் மாட்டிய வாளியிலேயே நின்றால் புளித்துப்போகும். ஆனால் அது முழு உண்மையும் இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

சாற்றைச் சமையலறையில் வைத்துப் பாகு காய்ச்சுகிறாரோ என்று பயப்படாதே. போன வருஷம் ஆவியில் சுவர்க்காகிதம் உரிந்து விழுந்தபோது நீ போட்ட சத்தத்தை அவர் மறக்கவில்லை. இந்த முறை கொட்டகைக்குப் பின்னால் சொந்தமாக ஓர் அடுப்பே கட்டிவிட்டார். பழைய எண்ணெய்த் தொட்டியை நீளவாக்கில் அறுத்து, அடியில் மணல் பரப்பி, பக்கங்களில் செங்கல் அடுக்கி, உடைந்த கணப்பின் கதவைப் பொருத்தினார். மேலே தடுப்புகள் வைத்த தட்டையான பாகுத் தொட்டி. சாறு மேட்டில் வைத்த பீப்பாயிலிருந்து குழாய் வழியே ஒரு மூலையில் இறங்கி, தடுப்புகளைச் சுற்றிச் சுற்றி வந்து, மறு மூலையில் பாகாக நிற்கும். நூலகப் புத்தகத்தில் இருந்த படத்தை நான்தான் பெரிதாக வரைந்து கொடுத்தேன்.

முதல் தடவை காய்ச்சியது நாசமாகிவிட்டது. வெறும் நெருப்பு மூட்டி எண்ணெய் வாடை போகும்வரை எரிக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. அப்பாவுக்குப் பொறுமை இல்லை. இடுக்குகளில் கசிந்த புகை பாகில் இறங்கிவிட்டது. ரேயால் சித்தப்பா ஒரு கரண்டி நக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதை டிராக்டர்ல ஊத்து, நல்லா ஓடும்" என்றார். அப்பா சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் பனியில் கொட்டிவிட்டு, சாம்பலும் களிமண்ணும் குழைத்து இடுக்குகளை அடைத்தார்.

அதற்குப் பிறகு அடுப்பு ரயில் மாதிரி இரைந்துகொண்டு எரிந்தது. வழக்கம்போல உப்புப் பன்றிக்கொழுப்பில் ஒரு துண்டைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டோம். நுரை பொங்கி அதைத் தொட்டதும் அடங்கிவிடுகிறது. இனியாவது கிளம்புவார் என்று நினைத்தேன். "இந்த அடுப்போட குணம் வேற யாருக்கும் தெரியாது" என்று புதிதாக ஒரு காரணம் கண்டுபிடித்தார். சித்தப்பா விடவில்லை. "பெத்த பிள்ளை அங்கே கெடக்கான், நீ இந்தத் தகரத்தைக் கட்டிப் பிடிச்சிட்டிருக்கே" என்றார். அப்பா கோடாரியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போய்விட்டார்.

நேற்று மதியம் நான் நுரை வடித்துக்கொண்டிருந்தேன். அப்பா விறகுக் குவியலில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். நீ போனதிலிருந்து அவர் சரியாகத் தூங்குவதில்லை, அம்மா. திடீரென்று சாறு வரும் குழாயின் சத்தம் நின்றது. உள்ளே ஒரு பனிக்கட்டி அடைத்துக்கொண்டது. கீழே நெருப்பு இரைகிறது, தொட்டியில் மட்டம் கண்ணெதிரே இறங்குகிறது. வறண்டால் பாகு கருகி, தொட்டியே ஓட்டையாகிவிடும். பக்கத்தில் சாறும் இல்லை, தண்ணீரும் இல்லை. மண்வாரியை எடுத்து, சுத்தமான பனியாகப் பார்த்து அள்ளி அள்ளித் தொட்டிக்குள் போட்டேன்.

அது சீறிய சத்தத்தில்தான் அப்பா எழுந்து ஓடிவந்தார். "ஏண்டி என்னை எழுப்பல?" என்றார். "எழுப்ப நேரம் இல்லப்பா" என்றேன். பாகு நீர்த்துப்போயிருந்தது, ஆனால் கருகவில்லை. குழாயைத் தட்டி அடைப்பை எடுத்துவிட்டு, கரண்டியால் தொட்டியின் அடியைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார். பிறகு பனியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "எனக்குப் பயமா இருக்குடி. அவன் முகத்தைப் பாத்துட்டு, அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா... பாக்காமலே இருந்துட்டா தாங்கிக்கலாம்னு நெனச்சேன்." தம்பி குழாய் இல்லாமல் பால் குடிக்கிறான் என்பதையே மறுபடியும் சொன்னேன்.

சாயங்காலம் சித்தப்பா வந்ததும் அப்பாவே கேட்டார், ஞாயிறுவரை நெருப்பைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று. "உன் பொண்ணு பனியையே பாகாக்கிருவா. நீ மொதல்ல சவரம் பண்ணு. இந்த மூஞ்சியோட போனா நர்ஸ் உள்ளே விடமாட்டா" என்றார் சித்தப்பா. அப்பா சிரித்துவிட்டார், அம்மா! இந்த மாதத்தில் முதல் தடவை. இரவு அந்தப் பாகு பதத்துக்கு வந்தது. கரண்டி விளிம்பிலிருந்து திரைபோல இறங்கியது. நிறம் கொஞ்சம் கருப்பு, ருசி குறையவில்லை.

சனிக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறார். இந்தக் கடிதத்தையும் அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்; உறையை ஒட்டிவிடுவேன், படிக்க மாட்டார். வழியெல்லாம் தைரியமாகத்தான் இருப்பார். ஆனால் அந்த அறைக் கதவருகே வந்ததும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவார் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே, அம்மா. ஏன் இத்தனை நாள் என்று கேட்காதே. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடு.

உன்னையும் தம்பியையும் தினமும் ஜெபத்தில் நினைக்கும் மகள்,
ஒதெத்