கொட்டலசு சுரண்டிய வாரம்

6-2-67 திங்கள்

தீவு வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஹேடோ ஸ்லிப்வேயில் லாஞ்ச் ஒன்றைக் கரையேற்றி அடிப்பாகம் சுரண்டல். பாசி, கொட்டலசு. சுண்ணாம்புப் பரு மாதிரி ஒட்டிக்கொண்டு, ஓடுகிற படகை எருமையாக்கிவிடும் சனியன். இதுவரை நான் சுரண்டியதைக் குவித்தால் எங்கள் வீடு இருக்கும் டெலானிபூர் மேட்டுக்கு இன்னொரு மாடி கட்டலாம்.

மத்தியானம் கரையோரம் ஒரு பேராமை. மிதக்கிறது, முங்க மாட்டேன் என்கிறது. சொறிமீன் ஒன்று அதை ஓவர்டேக் செய்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். முதுகு, கழுத்து, துடுப்பு, எங்கும் கொட்டலசு. கூட வேலை செய்யும் அப்பாராவ் கத்தியைத் தேடினான். "சோடோ பாயி, விடுங்க, கறியாவது ஆகட்டும்." நான் சம்மதிக்கவில்லை. சக்கரவர்த்தி என்று பெயர் சூட்டி, என் ராஜ்ஜியத்தில் அடைக்கலம் கொடுத்ததாகப் பிரகடனம்.

வீட்டில் தம்பி சுந்தரம் அதே கட்டில், அதே சுவர். மழைக்காலத்தில் அவன் மனைவி கமலா காய்ச்சலில் போனதிலிருந்து இப்படித்தான். தாடி. சாயங்காலமானால் சீட்டுக் கூட்டாளிகள், பாட்டில். மெயின்லேண்டிலிருந்து கமலாவின் அண்ணன் இந்தக் கப்பலில் வருகிறார், தம்பி மகள் பூங்கொடியைக் கூட்டிப் போக. கல்யாணமாகாத தடியன் நான் ஒருத்தன், இடிந்து உட்கார்ந்தவன் ஒருத்தன், இந்த வீட்டில் பெண்பிள்ளை எப்படி வளரும் என்கிறாராம். "என் பிள்ளை என்னோடு இருக்கட்டும்" என்று சுந்தரம் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார். அந்த ஒரு வார்த்தை.

7 செவ்வாய்

சக்கரவர்த்திக்கு அபிஷேகம். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, மரக்கத்தியால் மெல்ல மெல்ல. பள்ளிக்கூடம் விட்டு பூங்கொடி வந்தாள். தண்ணீரில் வேகம் எதனால் என்று சொற்பொழிவு நிகழ்த்தினேன்:

– உடம்பு ரெண்டு முனையிலும் கூம்பியிருக்கணும், சூரை மீன் மாதிரி. பெட்டி மாதிரி இருந்தால் ஊரலாம், பறக்க முடியாது.
– வால் பிறைநிலா போல. தட்டு பலமாக.
– தோல் வழுவழுவென்று. சொரசொரப்பைத் தண்ணீர் பிடித்து இழுக்கும்.
– நீளம். பெரிய மீன் ஒரு தட்டில் போகிற தூரத்துக்குப் பொடியன் பத்துத் தட்டு.
– தண்ணீர் சில்லிட்டால் மீனுக்கும் சோம்பல்.

சூரை ஒன்று மரைன் ஹில்லைச் சுற்றி வந்து தன் வாலையே முந்தியது, நேரில் பார்த்தேன் என்றேன்.

"ஜூட்! பொய்! மலையை எப்படி பெரியப்பா மீன் சுத்தும்?"

"அன்னிக்கு மழை ஜாஸ்தி."

"இதெல்லாம் எடுத்துட்டா ஆமை ஓடுமா?"

"ஓடறதா? கப்பலுக்கு முன்னாடி மெட்ராஸ் போய் டீ குடிச்சிட்டு நிக்கும்."

அதே சூட்டில் வீட்டிலும் இறங்கினேன். சீட்டு மகாசபை கலைக்கப்பட்டது. பாட்டில் சாக்கடைக்கு. நாவிதரைக் கூட்டி வந்து தாடி வழிப்பு. சுந்தரம் சண்டைக்கு வருவான் என்று தயாராக நின்றேன். வரவில்லை. கன்னத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். எனக்கு அது பிடிக்கவில்லை.

8 புதன்

சாயங்காலம் ஜெட்டியிலிருந்து சக்கரவர்த்தி இறக்கம். முதுகு கண்ணாடி. நகர்ந்தது! ஒர்க்‌ஷாப் முழுக்க விசில். பூங்கொடி மட்டும், "அது நீந்தல பெரியப்பா. தண்ணி இழுத்துட்டுப் போகுது."

மீன் இலாகா குருப்பு சார் பார்த்துக்கொண்டிருந்தார். மலையாளி, நல்ல மனுஷர். தோளில் கை வைத்தார். "மேஸ்திரி, கொட்டலசு ஒட்டினதால அது மெதுவாகல்லே. உள்ளே ஏதோ சீக்கு. முதல்ல அது ஓய்ஞ்சு போச்சு. ஓய்ஞ்சு கிடக்கிறது மேலதான் இதெல்லாம் வந்து ஒட்டும்."

"சார், சக்கரவர்த்தி இன்னிக்கு மௌன விரதம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ராத்திரி வீட்டில், வழித்த முகத்தோடு, சீட்டு இல்லாமல், பாட்டில் இல்லாமல், தம்பி. அதே சுவர். தாடி இருந்தவரை தாடியையாவது திட்டிக்கொண்டிருக்கலாம்.

9 வியாழன்

நீர் வற்றியதும் சக்கரவர்த்தி கரையில் கிடந்தது. செத்துப்போச்சு. அப்பாராவ்தான் குழி தோண்டினான். கறி என்று வாய் திறக்கவில்லை. "பீமார் தா பேச்சாரா, சீக்குப் பிடிச்ச பாவம்" என்று காலால் மண்ணைத் தள்ளினான்.

பூங்கொடியிடம் சொன்னது: நிக்கோபாருக்குப் புறப்பட்டாயிற்று. வழியில் ரெண்டு சுறாவை முந்தி, மூன்றாவதை நிறுத்தி நலம் விசாரித்தது.

ஜூட் என்பாள் என்று காத்திருந்தேன். "சரி பெரியப்பா" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

11 சனி

கப்பல் வந்தது. கமலாவின் அண்ணன், ஒரு பெட்டி, அல்வாப் பொட்டலம். மரியாதையானவர், திட்டக்கூட வழியில்லை. சாப்பாட்டுக்குப் பின் நேராகவே கேட்டார். "மாப்பிள்ளை, குழந்தை இங்கேயே இருக்கட்டும்னா சொல்லிடுங்க. நான் வந்த வழியே போறேன்."

சுந்தரத்தின் வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

மூலையில் கவுன் மடித்துக்கொண்டிருந்த பூங்கொடி நிறுத்தி, அவனையே பார்த்தாள். பிறகு மிச்சத்தையும் மடித்தாள்.

12 ஞாயிறு

லீவு. அல்வா தீர்ந்தது, பெரும்பகுதி நான். கட்டிலில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உருட்டவில்லை, மிரட்டவில்லை. நானும் சுவரைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

"சுண்ணாம்பு உதிருது அண்ணே."

"ஆமாம்டா."

அவ்வளவுதான் பேச்சு.

14 செவ்வாய்

காற்றில்லை. கடல் தகடு. வார்ஃபில் ஊரே கூட்டம்.

சுந்தரம் வந்தான். தானாகச் சட்டை போட்டுக்கொண்டு, மேட்டிலிருந்து நடந்தே இறங்கினான். பூங்கொடி அவன் கன்னத்தைத் தடவி, "முள்ளு குத்துதுப்பா" என்றாள். மாமா கையைப் பிடித்து ஏறினாள். திரும்பி எங்களைத் தேடினாள், கண்டுபிடித்தாளா தெரியவில்லை.

கப்பல் போய்க் கூட்டம் கலைந்தது. அவன் நகரவில்லை. நானும்.

"அண்ணே, இன்னும் தெரியுதா?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். வெறும் தண்ணீர்.

"தெரியுதுடா. கையாட்டறா."

அவனும் கையைத் தூக்கி ஆட்டினான்.